மொதல்ல கத்தியா, மொதல்ல கீமோவா? அக்கா கேஸ்ல நாங்க எடை போட்டு பாத்த கதை

மார்புப் புற்றுநோய்தான்னு பயாப்ஸி ரிப்போர்ட் வந்த அன்னிக்கி ராத்திரி, மலேசியாவுல பட்டர்வொர்த்ல அக்கா வீட்டு ஹால்ல உக்கார எடமில்ல, அவ்ளோ சொந்தக்காரங்க. அக்கா மட்டும் அடுப்படியில எல்லாருக்கும் கோப்பி கலக்கிட்டு நின்னாங்க, நோயாளி அவங்கதான். வயசு 46, இடது மார்புல 3.2 செண்டி கட்டி, அக்குள்ல ஒரு நெறி கட்டியிருக்கு, கிரேடு 3, அதாவது வேகமா பெருகுற வகை. ரெண்டு டாக்டர பாத்தாச்சு, ரெண்டு பேரும் ரெண்டு விதமா சொல்லிட்டாங்க. பிரைவேட்ல ஒருத்தரு அடுத்த வெள்ளிக்கிழமையே ஆபரேஷன் பண்ணிடலாம், டெபாசிட் கட்டுங்கன்னாரு. கவர்மெண்டு ஆஸ்பத்திரி பிரெஸ்ட் கிளினிக்ல மொதல்ல கீமோ, அஞ்சாறு மாசம் கழிச்சுதான் ஆபரேஷன்னாங்க. மாமாவுக்கு ரெண்டாவது பேச்சு காதுலயே ஏறல. "பாம்ப வீட்டுக்குள்ள வெச்சு பூட்டிட்டு யாராச்சும் தூங்குவாங்களா, மொதல்ல வெட்டி எறியட்டும்லா"ன்னு ஒரே பிடியா நின்னாரு. பெரியப்பா நடுவுல புகுந்து ஈப்போவுல ஒரு சின்சே, சீன நாட்டு வைத்தியரு, இருக்காருன்னு ஆரம்பிச்சாரு, அத நான் இங்க ஒரு ஆப்ஷனா எழுதவே போறதில்ல, 3.2 செண்டி கிரேடு 3 கட்டிக்கு வேரும் கசாயமும் குடிச்சிட்டு காத்திருக்கிறது ஒரு தேர்வே கெடையாது.

நான் டாக்டர் இல்ல, கேஎல்ல, கோலாலம்பூர்லதான், அக்கவுண்ட்ஸ் பாக்குற வேல. ஆனா ரெண்டு கணக்கு ஒண்ணோட ஒண்ணு ஒத்துப் போவலன்னா எங்க இடிக்குதுன்னு தோண்டாம எனக்கு தூக்கம் வராது. அதனால கேஎல் செண்ட்ரல்ல இருந்து ஈடிஎஸ் ரயில் ஏறி பட்டர்வொர்த் போய் வர்ற அந்த நாலு நாலு மணி நேரமும் படிச்சேன், டாக்டருங்கள்ட்டயும் மானம் வெக்கம் பாக்காம கேட்டேன். நம்ம வீடுகள்ல இதே சண்டை நடக்கும், அதான் எழுதுறேன். உங்க ரிப்போர்ட்டுக்கு உங்க டாக்டர்தான் பேசணும், நான் எங்க கணக்க காட்டுறேன், அவ்ளோதான்.

மொதல்ல ரிப்போர்ட். அதுல மூணு பேரு எழுதியிருக்கும், இஆர், பிஆர், ஹெர்2. இது மூணும் செல்லுக்கு வெளியேருந்து "வளரு, வளரு"ன்னு வர்ற சேதிய வாங்கிக்கிற ஆண்டெனா மாதிரி. இஆரும் பிஆரும் ஹார்மோன் சேதி வாங்குறது. ஹெர்2 செல்லோட தோல்ல நிக்கும், அது அளவுக்கு மீறி பெருகிட்டா யாரும் சேதி அனுப்பாமலே ஒண்ணோட ஒண்ணு ஒட்டி, இல்லன்னா ஹெர்3கூட ஜோடி சேந்து, உள்ள சத்தம் போட ஆரம்பிச்சிடும். அந்த சத்தம் உள்ள ரெண்டு பெரிய ரோடு வழியா போவுது, ஒண்ணு பிஐ3கே, ஏகேடி, எம்டார்னு போற ரோடு, செல்ல சாக விடாம காக்குறது, இன்னொண்ணு ராஸ், ராஃப், மெக், எர்க்னு போறது, செல்ல பிரிஞ்சு பெருக சொல்றது. பிடென்னு ஒரு புரதம் மொத ரோட்டுக்கு பிரேக். பிரேக் அறுந்தா கேக்கவே வேணாம்.

அக்காவுக்கு இஆர் இல்ல, பிஆர் இல்ல, ஹெர்2 மட்டும் 2+. 3+ன்னா ஹெர்2 பாசிட்டிவ், பூஜ்யமோ 1+ஓ வந்தா நெகட்டிவ், 2+ன்னா மதில் மேல் பூனை, ஃபிஷ் டெஸ்ட் பண்ணி ஹெர்2 ஜீனோட காப்பிய எண்ணிப் பாக்கணும். மாமா "என்ன மீனு, எதுக்கு மீனு"ன்னு கேட்டாரு, ரிசல்ட்டுக்கு காத்திருந்த ரெண்டு வாரத்துல வீட்டுல எல்லாரும் சிரிச்ச ஒரே எடம் அதுதான். அந்த ரெண்டு வாரம் காத்திருந்தது கொடுமை, ஆனா அது வராம எந்த பக்கமும் அடியெடுத்து வெக்க முடியாது. நெகட்டிவ்னு வந்துச்சு, அப்ப மூணும் இல்ல, அதுக்கு பேரு டிரிப்பிள் நெகட்டிவ். 2+ வந்து ஃபிஷ் நெகட்டிவா இருக்கிறவங்கள இப்ப ஹெர்2 லோன்னு ஒரு பேர்ல கூப்பிடுறாங்க, நோய் பரவின ஸ்டேஜ்ல இருக்கிறவங்களுக்கு 2022லேருந்து அதுக்கு ஒரு மருந்து உண்டு, ஆனா அக்கா ஸ்டேஜ்ல அது முடிவ மாத்தாதுன்னு டாக்டர் தெளிவா சொல்லிட்டாரு.

சிக்னல் பத்தி ஒண்ணு சொல்லியே ஆவணும், ஏன்னா நான் மொதல்ல தடுமாறுனது அங்கதான். ஹெர்2 கத மொதல்ல பெரிய கெட்ட செய்தி. 1987ல அமெரிக்காவுல டென்னிஸ் ஸ்லாமன் குழு 189 கட்டிகள பாத்து, ஹெர்2 ஜீன் பெருகியிருந்தா நோய் சீக்கிரம் திரும்பி வருது, ஆயுசும் கொறையுதுன்னு எழுதுனாங்க. 1998ல அதே ஆண்டெனாவ அடைக்கிற டிராஸ்டூசுமாப், நம்ம ஆளுங்க ஹெர்செப்டின்னு சொல்றது, அமெரிக்காவுல அனுமதி வாங்குச்சு. அதுக்கப்புறம் ஹெர்2 பாசிட்டிவ்னு கேட்டா டாக்டர் மொகத்துல ஒரு தெம்பு தெரியும். கட்டி மாறல, சிக்னல் மாறல, மருந்து வந்துச்சு, ஜாதகமே மாறிப்போச்சு. 2020ல மலேசிய பொம்பளைங்களோட 560 கட்டிய ஆராய்ஞ்சு ஒரு பெரிய கட்டுரை வந்துச்சு, வெள்ளக்காரங்களவிட நம்ம பக்கத்துல ஹெர்2 வகை கூடன்னு அதுல இருக்கு, அதனால இது நமக்கு ஊர்க்கதை இல்ல.

சரி, டிரிப்பிள் நெகட்டிவ்லயும் அப்படி ஒரு ரோட அடைச்சிட்டா போதாதா? நானும் அப்படித்தான் நெனச்சேன். இந்த வகையில மூணுல ஒரு பங்கு கட்டிகள்ல பிஐ3கே, ஏகேடி, பிடென் ரோட்டுல ஏதோ ஒரு கோளாறு இருக்கும், அதனால ஏகேடிய அடைக்கிற இபாடாசெர்டிப், கேப்பிவாசெர்டிப்னு ரெண்டு மருந்த பரவின டிரிப்பிள் நெகட்டிவ்ல பெரிய அளவுல சோதிச்சு பாத்தாங்க, ரெண்டும் ஜெயிக்கல. பினாங்குக்காரங்களுக்கு இத புரிய வெக்கிறது ஈசி. தீவுக்கு போற, 1985ல தொறந்த மொத பாலம் ஜாம்னா என்ன செய்வோம், பத்து காவான் பக்கம் சுத்தி ரெண்டாவது பாலத்துல போவோம், அதுவும் சரியில்லன்னா ஃபெரி. தீவுக்கு போவணும்னு முடிவு பண்ணவன் போயே தீருவான். கட்டியும் அப்படித்தான், ஏகேடிய அடைச்சா எர்க் வழியா போவுது. மாமாவுக்கு இத சொன்னதும் "ஆமா, தைப்பூசத்துக்கு தீவுல தண்ணீர்மலை கோயிலுக்கு போறப்ப நானே அப்படித்தானே போறேன்"னாரு.

இன்னொரு சங்கடம், பிஐ3கே ரோடுலதான் இன்சுலின் சேதியும் போவுது. ஹார்மோன் வகை கட்டிக்கு தர்ற அல்பெலிசிப்னு ஒரு மாத்திரை இருக்கு, அந்த ரோட அடைச்சா சக்கர ஏறிடும். நம்ம வீடுகள்ல சக்கர இல்லாத ஆளு அபூர்வம், அதனால காதுல போட்டு வெச்சேன்.

ஆக, அக்கா மாதிரி ஆளுக்கு சிக்னல் பேர வெச்சு ஜாதகம் பாத்து புண்ணியமில்ல. கட்டிக்கு மருந்த குடுத்தா அது என்ன செய்யுதுன்னு பாக்கணும், அந்த பதில்தான் பெரிய ஜாதகம். கத்தியா கீமோவாங்கிற சண்டையில என்ன கீமோ பக்கம் தள்ளுனது இதுதான். ஆனா கத்தி பக்கமும் நியாயம் இருக்கு, அத மறைக்கக்கூடாது.

கத்தி மொதல்ல வந்தா என்ன நல்லது? மனசு நிம்மதி, அது சின்ன விஷயமில்ல. முழுக்கட்டியும் பேத்தாலஜிக்கு போவுது, உண்மையான அளவும் நெறிக்கட்டி எண்ணிக்கையும் கறாரா தெரியும். கட்டி ரொம்ப சின்னதா, ஒரு செண்டிக்கு உள்ள, நெறிக்கட்டி ஒண்ணும் இல்லாம இருந்தா பெரும்பாலும் கத்திதான் மொதல்ல, ஏன்னா அளவு தெரியாம பெரிய கீமோவ போட்டு ஆள வாட்டி எடுத்திட வாய்ப்பிருக்கு. ஹெர்2 பாசிட்டிவ்லயே சின்ன கட்டிய வெட்டிட்டு பேக்லிடாக்செல்னு ஒரு கீமோ மருந்தும் ஹெர்செப்டினும் மட்டும் குடுத்து 406 பேர பாத்தாங்க, மூணு வருஷத்துல 98.7 சதவீதம் பேருக்கு நோய் திரும்பல. அந்த மாதிரி ஆளுக்கு நான் எழுதுறத காட்டி குழப்பாதீங்க. இன்னும் ஒண்ணு, 1988ல ஆரம்பிச்ச ஒரு பழைய ஆராய்ச்சியில 1,523 பேர பிரிச்சு, அதே கீமோவ பாதி பேருக்கு முன்னாடியும் பாதி பேருக்கு பின்னாடியும் குடுத்தாங்க, உயிர் பிழைச்ச கணக்குல வித்தியாசமே இல்ல. மாமா இத கேட்டதும் "பாத்தியா, அப்ப வெட்டிடலாம்ல"ன்னாரு.

அவரு சொன்னது 1988க்கு சரி. அப்ப கட்டி மருந்துக்கு என்ன பதில் சொன்னாலும் அதுக்கப்புறம் மாத்திக் குடுக்க வேற மருந்தில்ல, பதில தெரிஞ்சு என்ன பண்றது? இப்ப இருக்கு. கீமோ முடிஞ்சு ஆபரேஷன் பண்ணி பாக்குறப்ப மார்புலயும் நெறிக்கட்டியிலயும் உயிருள்ள புற்று ஒண்ணுமே இல்லன்னா அத பிசிஆர்னு எழுதுவாங்க, கோவிட்ல மூக்க நோண்டுன பிசிஆர் இல்ல, இது முழுசா கரைஞ்சு போச்சுன்னு அர்த்தம். 2014ல பன்னெண்டு ஆராய்ச்சி, கிட்டத்தட்ட 12,000 பேர ஒண்ணா சேத்து பாத்தப்ப, முழுசா கரைஞ்சவங்களுக்கு நோய் திரும்புறது ரொம்ப கொறைவு, அந்த வித்தியாசம் டிரிப்பிள் நெகட்டிவ்லயும் ஹெர்2லயும்தான் அதிகமா தெரிஞ்சுது. கரையாதவங்கள கைவிடவும் இல்ல. ஹெர்2 ஆளுங்களுக்கு மிச்சம் இருந்தா வெறும் ஹெர்செப்டினுக்கு பதிலா டிடிஎம்1னு கீமோவ முதுகுல கட்டி அனுப்புற ஊசி, 1,486 பேர்ல பாத்தாங்க, மூணு வருஷம் நோய் திரும்பாம இருந்தவங்க 77லேருந்து 88 சதவீதமா ஏறுனாங்க. டிரிப்பிள் நெகட்டிவ்ல மிச்சம் இருந்தா கேப்பசிடபின் மாத்திரை, ஜப்பான்லயும் கொரியாவுலயும் பாத்தது, 5 வருஷம் கழிச்சு உயிரோட இருந்தவங்க 70.3லேருந்து 78.8 சதவீதம். இந்த ரெண்டாவது வாய்ப்பு மிச்சம் இருக்கா இல்லையான்னு பாத்துட்டு குடுக்கிறது. மொதல்லயே கட்டிய வெட்டி எறிஞ்சிட்டா கீமோ வேல செஞ்சுதா இல்லையான்னு எத வெச்சு பாக்குறது? பாம்பு வெளிய போனதும் மருந்து பாம்ப கொல்லுமான்னு தெரிஞ்சுக்க வழியில்லாம போவுது. மாமாவோட பாம்பையே நான் திருப்பி விட்டேன், அவரு கொஞ்ச நேரம் பேசல.

அப்புறம் இம்யூனோதெரபி, நம்ம ஒடம்பு எதிர்ப்புப் படைய புற்றுமேல ஏவி விடுற வைத்தியம். 1,174 பேர்ல பாத்த கீநோட்-522ங்கிற ஆராய்ச்சி, ஸ்டேஜ் 2, 3 டிரிப்பிள் நெகட்டிவுக்கு கீமோகூட பெம்ப்ரோலிசுமாப் சேத்து ஆபரேஷனுக்கு முன்னாடி 8, பின்னாடி 9 டோஸ். முழுசா கரைஞ்சவங்க 51.2லேருந்து 64.8 சதவீதம், 5 வருஷம் கழிச்சு உயிரோட இருந்தவங்க 81.7லேருந்து 86.6. இங்கதான் கத்தி மொதல்லங்கிறவங்களுக்கு கதவு சாத்துது, ஏன்னா இதே மாதிரி மருந்து அட்டெசோலிசுமாப்ப ஆபரேஷன் முடிஞ்ச அப்புறம் கீமோகூட சேத்து குடுத்த பெரிய ஆராய்ச்சியில பலனே கெடைக்கல, பாதியில நிறுத்திட்டாங்க. டாக்டர் சொன்ன விளக்கம் எனக்கு புடிச்சிருந்துச்சு, கட்டி உள்ள இருக்கிறப்பதான் நம்ம ஒடம்பு படைக்கு எதிரி மொகம் தெரியும், அப்பதான் அது பாடம் படிக்கும்.

ஆனா காசு. ஒரு டோஸ் காசுக்கு ஒரு கப்சாய் மோட்டார் சைக்கிள் வாங்கிடலாம், அப்படி பதினேழு. கவர்மெண்டு ஆஸ்பத்திரியில ஸ்பெஷலிஸ்ட் கிளினிக் அஞ்சு ரிங்கிட், கீமோ மருந்துகள் கெடைக்குது, இது எங்களுக்கு அங்க கெடைக்கல. மாமா கம்பெனி மெடிக்கல் கார்டோட வருஷ லிமிட்ட நான் கணக்கு போட்டேன், பாதி தூரம்கூட தாங்கல. இபிஎஃப்ல இருந்து வைத்தியத்துக்கு எடுக்கலாம், அது அக்காவோட கடைசி காலத்து காசு. வீட்ட அடமானம் வெக்கலாம்னு மாமா சொன்னாரு, அக்கா ஒரே வார்த்தையில முடியாதுன்னுட்டாங்க. நூத்துல அஞ்சு பேருக்கு உயிர் வித்தியாசம்ங்கிறது நெசமான வித்தியாசம், அதே நேரத்துல தைராய்டு, அட்ரினல் எல்லாம் நெரந்தரமா கெட்டுப்போவ வாய்ப்பு உள்ள மருந்து. நாங்க அது இல்லாம, கார்போபிளாட்டின்னு இன்னொரு கீமோ மருந்து சேத்த கீமோவோட போயிட்டோம். மும்பை டாட்டா மெமோரியல்ல நடந்த ஆராய்ச்சியில 50 வயசும் அதுக்கு கீழயும் உள்ள பொம்பளைங்களுக்கு கார்போபிளாட்டின் சேத்தது உயிர் கணக்குலயே ஒதவுச்சு, அக்கா வயசுக்கு பொருந்துது. சரியா செஞ்சோமான்னு இன்னும் எனக்குள்ள ஒரு மூலையில குடையத்தான் செய்யுது. உங்க கார்டு தாங்குனா, இல்ல மருந்து கம்பெனி உதவித் திட்டத்துல எடம் கெடைச்சா, வாங்கிக்கங்க, ரெண்டாவது யோசனையே வேணாம்.

பிரைவேட்டா கவர்மெண்டாங்கிறதுல நான் ரொம்ப நேரம் செலவு பண்ணல. பிரைவேட்ல தேதி சீக்கிரம், ஆனா எங்களுக்கு கெடைச்ச பிரைவேட்ல ஃபிஷ் ரிசல்ட் வரதுக்கு முன்னாடியே ஆபரேஷன் தேதி குடுத்தாங்க, அது எனக்கு ஒறுத்துச்சு, எந்த ஆஸ்பத்திரின்னு இங்க வேணாம். கவர்மெண்டுல காத்திருக்கணும், அந்த நீல நாற்காலியில காலையில ஏழு மணிக்கு போய் உக்காந்தா மத்தியானம் ஆயிடும், பசியாற பக்கத்து கேண்டீன்தான். எங்க போனாலும் ஒரு தேதிய மட்டும் கணக்குல வெச்சுக்கங்க, கத்தி மொதல்லன்னு முடிவு பண்ணா அதுக்கப்புறம் கீமோ 90 நாளுக்கு மேல தள்ளிப்போவக்கூடாது, அமெரிக்காவுல கிட்டத்தட்ட 25,000 பேர் கணக்க பாத்ததுல தள்ளிப்போனவங்க நெலம மோசம், டிரிப்பிள் நெகட்டிவுக்கு இன்னும் மோசம். புண்ணு ஆறல, அப்பாய்ன்மெண்ட் கெடைக்கலன்னு மூணு மாசம் பறந்திடும்.

கீமோ மொதல்லன்னா யாரும் எங்களுக்கு தானா சொல்லாத ஒரு விஷயம் கிளிப். அரிசி மணியவிட சின்னதா ஒரு உலோகத்துண்டு, ஊசி வழியா கட்டிக்குள்ள வெப்பாங்க, நெறிக்கட்டியிலயும் வெக்கலாம். எதுக்குன்னா மருந்து நல்லா வேல செஞ்சு கட்டி மறைஞ்சே போயிட்டா, சர்ஜன் எந்த எடத்த வெட்டுவாரு? மொத கீமோவுக்கு முந்தின நாள்தான் எனக்கு இது தெரிஞ்சுது, அக்கா ஃபைல பெரட்டி பாத்தா கிளிப்னு ஒரு வரிகூட இல்ல. நர்ஸ்ட்ட கேட்டு, அவங்க டாக்டர்ட்ட கேட்டு, அன்னிக்கி சாயந்திரமே அல்ட்ராசவுண்ட் ரூம்ல வெச்சாங்க. நான் வெளிய நின்னுட்டு இருந்தேன், கை நடுங்குச்சு, ஒரு நாள் தவறியிருந்தா என்ன ஆயிருக்கும்னு.

இந்த அஞ்சாறு மாசத்துல இன்னொரு லாபம், பிராக்கா ரத்த டெஸ்டுக்கு, பரம்பரையா வர்ற ஜீன் கோளாற பாக்குற டெஸ்டு, நேரம் கெடைக்குது. பிராக்கா கோளாறு இருந்தா ஆபரேஷனே மாறலாம், அதுக்கப்புறம் ஓலாபரிப் மாத்திரை ஒரு வருஷம் குடுக்கிற வழியும் உண்டு, கூடப் பொறந்த என் ஒடம்புக்கும் அது சேதி. அக்காவுக்கு இல்லன்னு வந்துச்சு. அப்பாடா.

கெட்டதும் சொல்றேன். கீமோ நடக்கிறப்பவே கட்டி வளர்ற ஆளுங்க உண்டு, நூத்துக்கு ஒரு சிலர்தான், ஆனா அந்த ஒரு சிலர்ல நம்ம ஆளு இருக்கலாம், அதனால ஒவ்வொரு ரெண்டு கீமோ சுத்துக்கும் கைய வெச்சு பாக்க சொல்லுங்க, சந்தேகம்னா ஸ்கேன். வளந்தா உடனே மருந்த மாத்துவாங்க, இல்ல கத்திக்கு போவாங்க.

அக்காவுக்கு வாரம் ஒரு பேக்லிடாக்செல், கூட கார்போபிளாட்டின், பன்னெண்டு வாரம். அப்புறம் சிவப்பு தண்ணி மாதிரி ஒரு மருந்து, டாக்சோருபிசின், மூணு வாரத்துக்கு ஒண்ணு, நாலு தடவ. மொத தடவ போட்டு வீட்டுக்கு வந்து அக்கா பாத்ரூம்லேருந்து "ஐயோ ரத்தம்"னு கத்துனாங்க, அது மருந்தோட நெறம்தான், ரெண்டு நாள்ல போயிடும், முன்னாடியே ஒரு வார்த்த சொல்லியிருந்தா அந்த கத்தல் மிச்சம். ஆறாவது வாரத்துல மாமா விரல வெச்சு பாத்துட்டு "கட்டி எங்கடி"ன்னு கேட்டாரு. ஸ்கேன்ல 1.1 செண்டி. கடைசி ஸ்கேன்ல டாக்டர் திரைய காட்டி, கிளிப் மட்டும் வெள்ளையா ஒரு புள்ளி, அத சுத்தி ஒண்ணும் தெரியலன்னாரு, ஆனா ஸ்கேன்ல தெரியலன்னா இல்லன்னு அர்த்தம் இல்ல, வெட்டி மைக்ரோஸ்கோப்புக்கு கீழ வெச்சு பாத்தாதான் பிசிஆர்ன்னும் சொன்னாரு. டிரிப்பிள் நெகட்டிவ் திரும்பி வர்றதா இருந்தா பெரும்பாலும் மொத மூணு வருஷத்துலதான், அஞ்சு வருஷம் தாண்டுனா ரொம்ப கொறைஞ்சிடும்னும் சொல்லி வெச்சாரு.

ஆபரேஷன் வர்ற செவ்வாய்க்கிழமை. பேத்தாலஜி ரிப்போர்ட் வர ரெண்டு வாரம் ஆவுமாம், அப்பதான் கேப்பசிடபினா ஒண்ணும் வேணாமான்னு தெரியும். மாமா லீவு போட்டுட்டாரு. நேத்து கிளினிக்ல பக்கத்துல ஒரு மலாய் மக்சிக், ஆன்ட்டி ஒருத்தங்க, மொத கீமோவுக்கு காத்திருந்தாங்க, இவரு அவங்க மகன் பக்கம் திரும்பி உக்காந்து, ஒடஞ்ச மலாய்ல, கிளிப் வெச்சாச்சான்னு கேட்டுக்கிட்டு இருக்காரு.